நூறு நாள் கூலியும் போடாத வரியும்

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையோரம் ஒரு டீக்கடை. காலை ஏழு மணிக்கு அங்கே நின்றால் இந்த ஊரின் பொருளாதாரம் கண்ணெதிரே நடந்து போகும். பிங்க் பஸ்ஸில் இருந்து நம் பெண்கள் இறங்குவார்கள். ஒருத்தி கெஸ்ட் ஹவுஸ் பெருக்க, ஒருத்தி அபார்ட்மென்ட்டில் பாத்திரம் தேய்க்க, ஒருத்தி வெள்ளைக்காரர் தங்கியிருக்கும் வீட்டில் துணி துவைக்க. சீசன் முடிந்துவிட்டது. வெயில் ஏறினால் வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள், பாதி வீட்டுக்குப் பூட்டு விழும், வேலையும் நிற்கும். அதற்குப் பிறகு இவர்களுக்கு நூறு நாள் வேலைதான்.

போன வாரம் ஓர் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீதான் பேப்பர்லாம் படிக்கிறியே. எங்க நூறு நாள் காசு இன்னா ஆச்சு? பொங்கலு போச்சு, மாசி மகம் போச்சு. பேங்க்ல போய்க் கேட்டா ஏறலன்றான். ஆபீஸ்ல கேட்டா டெல்லியில போய்க் கேளுன்றான்."

முப்பத்தெட்டு நாள் மண் வெட்டியிருக்கிறார். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அளந்து பார்த்து அதிலும் குறைப்பார்கள், அது தனிக்கதை. முழுக்கூலி என்றே வைத்துக்கொண்டாலும் 12,122 ரூபாய். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை செய்த பதினைந்து நாளுக்குள் கூலி வர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு தர வேண்டும். அக்காவிடம் இழப்பீட்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். முதலே வரவில்லை, வட்டியைப் பற்றிப் பேசுகிறாயே என்பது அந்தச் சிரிப்பின் பொருள்.

சரி, டெல்லியில் என்ன சொல்கிறார்கள்? முதல்வர் 2025 ஜனவரியில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், கூலிப் பாக்கி 1,056 கோடி என்றார். மார்ச் முடிவதற்குள் மொத்தப் பாக்கி 4,034 கோடி என்று சொல்லி, 29ஆம் தேதி ஒன்றியம் ஒன்றியமாக திமுக ஆர்ப்பாட்டம் நடத்தியது. ஒன்றிய அரசோ மக்களவையில் கணக்கைத் திருப்பிப் போட்டது. ஏழு கோடிப் பேர் இருக்கும் தமிழ்நாடு பத்தாயிரம் கோடிக்கு மேல் வாங்கிவிட்டது, இருபது கோடிப் பேர் இருக்கும் உத்தரப் பிரதேசமும் ஏறக்குறைய அவ்வளவுதான் வாங்கியிருக்கிறது என்றார் அமைச்சர். ஏன் அதிகம் வாங்கினோம் என்று யாராவது கேட்டார்களா? இங்கே நம் பெண்கள் வேலை கேட்டு வருகிறார்கள், வேலை நடக்கிறது. முதல்வரின் கடிதத்திலேயே இருக்கிறது: இந்தத் திட்டத்தில் ஏறக்குறைய 86 சதவீதம் பெண்கள், 29 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பத்தார். வேலை செய்ததுதான் குற்றம்போல் இருக்கிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தார். ரமணா நகர்ப் பக்கம் மூன்று வீடு வாடகைக்கு விட்டிருப்பவர். "மரத்தடியில உக்காந்து எழுந்து வர்றதுக்கு ஒரு கூலி. எல்லாம் நம்ம வரிப்பணம் சார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே." அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில்தான் வேலை, எப்படிப் பேசுவார்?

அந்த "நம்ம" என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். 2025 செப்டம்பர் வரை அக்கா வாங்கும் குளியல் சோப்புக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கு அப்போது 18. பல் பேஸ்டுக்கு 18. பேரனுக்கு வாங்கும் பிஸ்கட்டுக்கும் 18 ஆக இருந்தது. மூன்று வீட்டுக்காரரும் அதே சோப்புக்கு அதே 18தான் கொடுத்தார். வருகிற காசையெல்லாம் கடையிலேயே செலவழிக்கிறவர் வருகிற காசு முழுவதற்கும் வரி கட்டுகிறார். மிச்சம் பிடித்து மனை வாங்குகிறவர் செலவழித்த பங்குக்கு மட்டும் கட்டுகிறார். அக்கா வரி கட்டுகிறார் என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ரசீதே இல்லாத வரி அது. 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கும் 50 ரூபாய் ஏற்றிவிட்டார்கள்.

டீக்கடைக்காரர் பேச்சு அவர் சொந்தப் பேச்சு இல்லை. 2022 ஜூலையில் பிரதமரே உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச் சாலையைத் திறந்து வைத்து, 'ரேவ்டி' கலாச்சாரம் நாட்டுக்கு ஆபத்து என்று பேசினார். ரேவ்டி என்றால் எள்ளு மிட்டாய். ஏழைக்குக் கொடுப்பது மிட்டாய். அப்படியானால் மற்றவர்களுக்குக் கொடுத்தது என்ன?

2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்தில் இருந்து 22க்கு இறக்கினார்கள். புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று நிதியமைச்சரே அன்று சொன்னார். 2023 பட்ஜெட்டில், ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் சம்பாதிக்கிறவர்களுக்கான கூடுதல் வரியைப் புதிய முறையில் 37 சதவீதத்தில் இருந்து 25 ஆக்கினார்கள். 2025 பிப்ரவரியில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றார்கள், அதில் போவது சுமார் ஒரு லட்சம் கோடி. மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவர் நடுத்தர வர்க்கமாம், பாராட்டித் தலையங்கம் எழுதினார்கள். அதே பட்ஜெட்டில் நாடு முழுக்க நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 86,000 கோடி. முந்தைய ஆண்டும் 86,000 கோடிதான். கொரோனா ஆண்டான 2020-21இல் 1.11 லட்சம் கோடி செலவான திட்டம் இது. கூலி ஏறியது, விலைவாசி ஏறியது, ஒதுக்கீடு அங்கேயே நின்றது. வெட்டினோம் என்று அவர்கள் சொல்வதே இல்லை. ஆண்டு முடிவதற்குள் பணம் தீர்ந்துபோகும், பாக்கி நிற்கும், அக்கா பேங்கில் நிற்பார்.

அமெரிக்காவில் 2012 கடைசியில் இதே விஷயத்தில் இரண்டு கட்சியும் முட்டிக்கொண்டு நின்றன. பணக்காரர் வரியை ஏற்று என்றது ஒரு கட்சி, அரசின் செலவைக் குறை என்றது இன்னொன்று. புத்தாண்டு பிறந்த பிறகுதான் இழுபறி தீர்ந்து, ஆண்டுக்கு நாலு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறவர்களுக்கு வரி ஏறியது. செலவு வெட்டு மார்ச்சில் வந்தது. அங்கேயும் கடைசியில் ஏழைதான் அடி வாங்கினான் என்பது வேறு. ஆனால் ஒரு சண்டை நடந்தது. பணக்காரனுக்கு எவ்வளவு வரி என்பது கட்சிகள் மோதிக்கொள்ளும் கேள்வியாக இருந்தது. இங்கே நிலைமை என்ன என்று பார்க்க 2024 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள்.

மக்களவைத் தேர்தல் நேரம். காங்கிரஸின் வெளிநாட்டுப் பிரிவுத் தலைவராக இருந்த சாம் பிட்ரோடா, அமெரிக்காவில் வாரிசு வரி என்று ஒன்று இருக்கிறது, நாமும் விவாதிக்கலாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டார். பிரதமர் மேடைக்கு மேடை அதையே பிடித்துக்கொண்டார். தாலியைப் பறிப்பார்கள் என்று ஏற்கெனவே பேசியிருந்தவர், நீங்கள் செத்த பிறகும் காங்கிரஸ் கொள்ளையடிக்கும் என்றார். பதிலுக்குக் காங்கிரஸ் என்ன செய்தது? ஆமாம், பெருஞ்செல்வர் சொத்துக்கு வரி போடத்தான் வேண்டும் என்று வாதிட்டதா? இல்லை. எங்களுக்கு அப்படி எண்ணமே இல்லை, இருந்த வாரிசு வரியை 1985இல் ஒழித்ததே எங்கள் ராஜீவ் காந்திதான் என்று பெருமையாகச் சொன்னது. வாரிசு வரியை ஆதரித்துப் பேசியவர்கள் உங்கள் கட்சியில்தான் இருக்கிறார்கள் என்று பாஜகவைத் திருப்பிக் குத்தியது. வரி போட மாட்டேன் என்று சத்தியம் செய்வதில் இரண்டு பேருக்கும் போட்டி. மோதல் நடந்தது வரிக்காக இல்லை, அந்தப் பழி யார் தலையில் விழுகிறது என்பதற்காக. சேரியில் தாலிக்கொடியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெண்ணிடம்கூட, உன் தாலிக்கு ஆபத்து என்று சொல்ல முடிந்தது பாருங்கள்.

இருந்த வரிகளின் கதை சுருக்கமானது. 1953இல் எஸ்டேட் டூட்டி வந்தது, உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது, 1985இல் ஒழிந்தது. செல்வ வரி 1957இல் வந்தது. 30 லட்சத்துக்கு மேல் உள்ள சொத்துக்கு 1 சதவீதம் என்று ஓடிக்கொண்டிருந்ததை 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி எடுத்துவிட்டார். சொன்ன காரணம், 2013-14இல் வசூலானது சுமார் ஆயிரம் கோடிதான், அதற்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்பது. ஏன் ஆயிரம் கோடி? 1993 முதல் பங்குப் பத்திரங்களுக்கு அந்த வரியே கிடையாது. பெரும் பணக்காரனின் செல்வம் எங்கே இருக்கிறதோ அதை விட்டுவிட்டு, கார், நகை, வீடு, மனை என்று தேடினார்கள். மனையையாவது ஒழுங்காக மதிப்புப் போட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்று கிணற்றையே மூடிவிட்டார்கள்.

வரி போட்டால் பணக்காரர்கள் துபாய்க்கு ஓடிவிடுவார்கள் என்பார்கள். பணம் ஓடலாம். நிலம் எங்கே ஓடும்? மலையைச் சுற்றி வேலி போட்டுக் கிடக்கிறதே மனைகள், அவை எந்த விமானத்தில் ஏறும்?

இந்தப் பகுதியில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கடலையும் கம்பும் போட்ட மானாவாரி நிலம் இன்று சென்ட் என்ன விலை என்று கேட்டால் நமக்கு வாய் அடைத்துப் போகும். அந்த விலையை ஏற்றியது யார்? வாங்கிப் பூட்டிவைத்த ஆளா? கிரிவலப் பாதைக்குத் தார் போட்டது, விளக்கு வைத்தது, குடிதண்ணீர்க் குழாய் இழுத்தது எல்லாம் அரசுப் பணம். பவுர்ணமிக்குப் பவுர்ணமி லட்சக்கணக்கான பேர் நடந்துவிட்டுப் போன மறுநாள் காலை பதினாலு கிலோமீட்டரையும் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். தூய்மையான ஆன்மீகச் சூழல் என்று விளம்பரம் போட்டு விற்கிறார்களே, அந்தத் தூய்மை எங்கிருந்து வருகிறது? மனைக்காரருக்கு விலை ஏறியது, கூட்டுகிறவருக்கு முதுகு வலி ஏறியது.

நம்மிடம் இருந்த நிலம் எங்கே என்ற கேள்வியும் இங்கே வருகிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892 முதல் நமக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் காலங்காலமாகச் சொல்லி வரும் கணக்கு. அதைக் கேட்டுப் போராடியதற்குத்தான் 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தோம். செல்வத்துக்கு வரி என்றால் சோம்பேறிகள் உழைப்பாளியின் காசைப் பிடுங்குவது என்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்க வேண்டும். 2024 மே மாதம் தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இந்தியாவின் பில்லியனர்களின் சொத்தில் 88.4 சதவீதம் மேல்சாதியினரிடம். பட்டியல் சாதியினரிடம் 2.6. பழங்குடியினர் பட்டியலிலேயே இல்லை. 10 கோடிக்கு மேல் சொத்துள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 2 சதவீதமும், அந்த அளவு சொத்து வாரிசுக்குப் போகும்போது 33 சதவீதமும் வரி போட்டால், நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.73 சதவீதம் கிடைக்கும் என்றார்கள். பாதிக்கப்படுகிறவர்கள் வயது வந்தோரில் 0.04 சதவீதம். பத்தாயிரம் பேரில் நாலு பேர். அந்த நாலு பேருக்காக எல்லாக் கட்சியும் ஒற்றுமையாக இருக்கின்றன.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு எழுந்தால் நம் திமுக நண்பர்கள் இந்தப் பதிவை நன்றாகப் பகிர்வார்கள். இன்னும் கொஞ்சம் இருங்கள்.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு வீட்டு வரியை ஏற்றியது. சென்னை தவிர்த்த நகரங்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், அதற்கு மேல் 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கும் மேலே 100. பெரிய வீட்டுக்குப் பெரிய ஏற்றம். அதிமுகவும் பாஜகவும் தெருவில் இறங்கின. 2018இல் தாங்களே ஏற்றி, உள்ளாட்சித் தேர்தல் வருகிறது என்றதும் 2019இல் நிறுத்திவைத்தது அதிமுக. நிதிக்குழு மானியம் வேண்டுமானால் சொத்து வரியைத் திருத்து என்று நிபந்தனை போட்டது ஒன்றிய அரசு, அதன் கட்சியே இங்கே கொடி பிடித்தது. நான் அன்று அந்த வரி ஏற்றத்தை ஆதரித்தேன், நம் தோழர்கள் சிலரே கோபித்துக்கொண்டார்கள். இன்றும் ஆதரிக்கிறேன். 600 அடிக்குள் இருப்பவரை முழுக்க விட்டுவிட்டு, மூன்று மாடி கெஸ்ட் ஹவுஸுக்கு இன்னும் ஏற்றியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

ஆனால் கிடைக்கும் வரியில் கூட்டுகிறவருக்கு என்ன வந்தது? அதே 2022இல் அரசாணை 152 போட்டு, மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி, வேலையை வெளிமுகமைக்கு விடும் வழியைத் திறந்தார்கள். சமூகநீதி பேசும் அரசு செய்த செலவு வெட்டு இது. துப்புரவுப் பணி நிரந்தரமாக இருந்தபோது நம் வீட்டுக்கு வந்த பென்ஷன், பி.எஃப்., வாரிசு வேலை எல்லாம் கான்ட்ராக்டருக்கு மிச்சம். சாதியால் அந்த வேலைக்குள் தள்ளப்பட்ட மக்கள், அந்த வேலையில் இருந்த ஒரே பாதுகாப்பையும் இழந்தார்கள். மகளிர் உரிமைத் தொகை நல்ல திட்டம், ஆயிரம் ரூபாய் அக்காவுக்கும் வருகிறது. ஆனால் துணைத்திட்ட நிதியை அதற்குத் திருப்புவதாக 2023இல் புகார் எழுந்து தேசிய ஆணையம் விளக்கம் கேட்கும் நிலை வந்ததே, அது எதற்கு? பக்கத்தில் கர்நாடகத்தில் காங்கிரஸ் அரசு, உத்தரவாதத் திட்டங்களுக்காக எஸ்.சி., எஸ்.டி. துணைத்திட்டத்தில் இருந்து 2023-24இல் 11 ஆயிரம் கோடிக்கு மேலும், மறு ஆண்டு 14 ஆயிரம் கோடிக்கு மேலும் எடுத்தது. எல்லோருக்கும் கொடுக்கும் திட்டத்துக்கு நம் பங்கில் இருந்து எடுக்கிறார்கள். பணக்காரரிடம் கேட்கத் துணிவில்லாத அரசுக்குக் கை நீட்டினால் எட்டுவது நம் பானைதான். தமிழ்நாட்டில் 2024இல் துணைத்திட்டத்துக்குச் சட்டமே வந்துவிட்டது, நீண்ட போராட்டத்தின் பலன். அது காகிதமாகக் கிடக்குமா, காவலாக நிற்குமா என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும். திருவண்ணாமலை 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆகிவிட்டது. பேனர் வைத்தோம், பட்டாசு வெடித்தோம். நூறு நாள் வேலை ஊராட்சிக்கு மட்டுமே என்று வந்த சட்டம். மாநகராட்சி எல்லைக்குள் வரும் ஊராட்சிகளில் மனைக்காரருக்கு விலை இன்னொரு படி ஏறும். அங்குள்ள காலனிப் பெண்ணுக்கு வேலை அட்டை செல்லாததாகும், வீட்டு வரி மட்டும் நகரத்துக் கணக்கில் வரும். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 100 கோடியில் முன்னோடியாக ஒன்றை 2021இல் அறிவித்தார்கள். அதை எல்லா நகரத்துக்கும் சட்டமாக விரித்துவிட்டு எல்லையை நீட்டுங்கள் என்று கேட்பது நியாயம்தானே? ஆளும் கட்சிக் கவுன்சிலர்களிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் டெல்லி பாக்கியைத் தரட்டும் என்பார்கள். பாஜககாரரிடம் கேட்டால், மாநில அரசு கணக்குக் காட்டட்டும் என்பார்.

ஏப்ரல் 14 அண்ணல் பிறந்த நாள். ரமணர் மறைந்ததும் 1950இல் அதே ஏப்ரல் 14தான், ஆசிரமத்தில் திதி பார்த்து வேறு நாளில் கொண்டாடுகிறார்கள். எல்லாக் கட்சியும் அன்று காலை மாலையோடு வந்து நிற்கும். அவர்களுக்கு அண்ணல் என்றால் சட்டம், இட ஒதுக்கீடு, அதோடு முடிந்தது. அவர் அரசு நிதியைப் படித்துக் கொலம்பியாவில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1925இல் நூலாக வந்த அந்த ஆய்வு, மாகாண அரசுகளின் வரவு செலவைப் பற்றியது. வெள்ளைக்காரன் யாரிடம் வரி பிடுங்கினான், எதற்குச் செலவழித்தான் என்ற கணக்கு. 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் பட்ஜெட் மீது பேசும்போதும் இதைத்தான் கேட்டார்: வருமான வரியில் குறைந்த வருமானக்காரனுக்கு விலக்கு உண்டு, நிலவரியில் மட்டும் கையளவு நிலம் உள்ள உழவனும் ஏன் கட்டுகிறான்? அக்காவின் சோப்புக்கு வந்த 18 சதவீதமும் அதே கேள்விதான்.

வைஸ்ராய் கவுன்சிலில் இருந்தபோது அவர் போராடி வாங்கியது பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை. மெட்ரிக்குக்கு மேல் படிக்கிறவர்களுக்கு 1944இல் தொடங்கியது. அதிலும் கை வைத்தார்கள். 2017 முதல் சில ஆண்டுகள் ஒன்றிய அரசின் பங்கு பத்து சதவீதம் அளவுக்குச் சுருங்கி, சுமை மாநிலங்கள் மீது விழுந்து, பணம் வராமல் கல்லூரிகள் பிள்ளைகளை வதைத்தன. நாடு முழுக்கக் குரல் எழுந்த பிறகு 2020 டிசம்பரில் 60 சதவீதம் நாங்கள் தருகிறோம் என்று திருத்தினார்கள். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அக்காவின் மூத்த பையன் படித்தான். கட்டணம் பாக்கி என்று ஒரு தனியார் கல்லூரி அவன் சான்றிதழைத் தராமல் வைத்துக்கொண்டது. அவன் இப்போது கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டுகிறான். வண்டி வாடகை வண்டி.

இதை எழுதும் முன்பு அக்காவோடு பேங்குக்குப் போனேன். ஐந்து பேர் எங்களுக்கு முன்னால் வரிசையில், நாலு பேர் நூறு நாள் பாஸ்புக்கோடு. மெஷினில் பதிந்து வாங்கிப் பார்த்தோம். மார்ச் மாத உரிமைத் தொகை ஆயிரம் ஏறியிருந்தது, அதற்குப் பிறகு வரி எதுவும் இல்லை. "சரி, வா தம்பி, ஒம்பது மணிக்கு அந்த அம்மா வீட்டுல வாசல் தெளிக்கணும்" என்று அக்கா பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்தார்.